‘ஆயிரம் ரூபாதான்’, ‘ஆயிரம் ரூபாவாவது’: மலையகக் கட்டுரைகளில் தொனியும் உணர்ச்சியும்

2021 மார்ச்சில் இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அடிப்படைச் சம்பளம் 900, கொடுப்பனவு 100. இந்த ஒரு தகவலைக் கட்டுரைகள் எத்தனை விதமாக எழுத முடியும் என்று பாருங்கள். “1000 ரூபா கிடைத்தது.” “1000 ரூபாதான் கிடைத்தது.” “1000 ரூபாவாவது கிடைத்தது.” “1000 ரூபா கிடைத்துவிட்டது.” தொகை மாறவில்லை. முதலாவது அறிக்கை. இரண்டாவதில் குறை இருக்கிறது. மூன்றாவதில் களைத்துப்போன ஒரு ஆறுதல். நான்காவதில், எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்தால்தான் அது நிம்மதியா எரிச்சலா என்று சொல்ல முடியும்: தொழிற்சங்க மேடைப் பக்கம் நின்றால் வெற்றி, கம்பனிக் கணக்குப் பக்கம் நின்றால் பாரம்.

உயர்தரத் தமிழ் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து “எழுதியவரின் மனப்பாங்கு என்ன?” என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் “சோகம்” என்று எழுதுவார்கள். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பற்றிய கட்டுரை என்றால் பத்துப் பேருமே அப்படித்தான். லயம் (தொழிலாளரின் வரிசை வீடு), மண்சரிவு, சம்பளம் என்ற சொற்களைக் கண்டதும் விடை மனதில் தயாராகிவிடுகிறது. கட்டுரையை யாரும் படிப்பதில்லை. இந்தக் குறிப்புகள் அந்தப் பழக்கத்தை உடைப்பதற்காக. மாணவர்களுக்கும், வாசிப்பு வட்டம் நடத்துபவர்களுக்கும், பத்திரிகைக்கு எழுதத் தொடங்கும் இளையவர்களுக்கும் பயன்படும்.

முதலில் மூன்றைப் பிரித்து வைக்க வேண்டும். கட்டுரைக்குள் இருக்கும் மனிதர்களின் உணர்ச்சி ஒன்று. அவர்களைப் பற்றி எழுதியவரின் மனப்பாங்கு இன்னொன்று. வாசகரிடம் எழுப்ப நினைக்கும் உணர்ச்சி மூன்றாவது. ஒரு தாய் அழுகிறாள் என்று கட்டுரை சொல்லும். எழுதியவர் கோபத்தில் இருப்பார். வாசகருக்கு வர வேண்டியது வெட்கமாக இருக்கும். மூன்றும் ஒன்றாகவே வரும் கட்டுரைகளும் உண்டு. ஆனால் தேடாமல் அப்படி முடிவு செய்யக் கூடாது. கொப்பியில் ஒரு பக்கத்தை நீளவாக்கில் மூன்றாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் ஒதுக்குங்கள். 700, 800 சொற்கள் உள்ள கட்டுரைக்கு 40 நிமிடம் போதும். முதல் வாசிப்பு பேனா இல்லாமல். இரண்டாவது வாசிப்பில் பந்திகளுக்கு இலக்கம் இட்டு, நெஞ்சு அசைந்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளி. மூன்றாவது வாசிப்பில்தான் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் என்ன சொல், என்ன விகுதி, என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பது. வரிசையை மாற்றி முதலிலேயே கோடு கீறத் தொடங்குபவர்கள் உரிச்சொற்களை மட்டுமே கண்டுபிடிப்பார்கள்.

உரிச்சொற்கள் மேல் எழும்பி நிற்பவை. ‘அப்பாவி’, ‘கொடூரமான’, ‘பரிதாபத்துக்குரிய’ என்பவற்றை யாரும் கண்டுபிடிப்பார்கள். தமிழில் மனப்பாங்கு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு.

வினை விகுதி முதலாவது. “துரை வந்தார், கணக்கப்பிள்ளை சொன்னார், தொழிலாளி கேட்டான், கிழவி அழுதாள்.” துரை தோட்டத்தை நடத்துபவர், கணக்கப்பிள்ளை வேலையை மேற்பார்ப்பவர். இந்த ஒரு வரியில் எழுதியவரின் சமூகப் படிநிலை முழுவதும் இருக்கிறது. தொழிலாளர்மீது அன்பு பொழியும் கட்டுரைகளிலேயே இந்த ‘-ஆன்’, ‘-ஆள்’ வந்துவிடும். எழுதியவரின் கொள்கை ஒன்று சொல்ல, கை வேறொன்று எழுதுகிறது. அந்த இடத்தைக் கண்டால் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மனப்பாங்குக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: நேர்ப்பேச்சுக்குள் வரும் விகுதி பேசுபவருடையது. அதை எழுதியவர் தலையில் கட்டக் கூடாது.

அடுத்தது சுட்டும் தன்மைப் பன்மையும். ‘எமது மக்கள்’, ‘நமது மக்கள்’, ‘இம்மக்கள்’, ‘அந்த மக்கள்’. ‘நமது’ என்பது வாசகரையும் உள்ளே இழுக்கிறது. ‘எமது’ என்பது வாசகரை வெளியே நிறுத்தி, “இது எங்கள் கதை, கேள்” என்கிறது. ‘இம்மக்கள்’ என்பது வாசகரும் எழுதியவரும் ஒரு பக்கம் நின்று மறுபக்கத்தைக் காட்டும் சொல். மலையகத்துக்கு வெளியே இருந்து பரிவோடு எழுதப்படும் பத்திகளில் இது ஏராளம். எண்ணிப் பாருங்கள்: ஒரே கட்டுரையில் தொடக்கத்தில் ‘இம்மக்கள்’ என்று இருந்து, முடிவில் ‘நாம்’ என்று மாறினால், எழுதியவர் நடுவில் எங்கோ இடம் மாறியிருக்கிறார். அது எந்தப் பந்தி என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

மூன்றாவது துணைவினை. பறித்த கொழுந்தை நிறுக்கும்போது “கிலோவைக் குறைத்தார்கள்” என்றால் செய்தி. “குறைத்துவிட்டார்கள்” என்றால் இனி மீட்க முடியாது என்ற உணர்வு. “குறைத்துக்கொண்டார்கள்” என்றால் குறைத்தவருக்கு அதில் இலாபம் இருந்தது என்ற குற்றச்சாட்டு. “குறைந்துபோனது” என்றால் யாரும் செய்யவில்லை, தானாக நடந்தது.

இந்த நான்காவது வடிவத்தில்தான் அதிக கவனம் தேவை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். இதை “துப்பாக்கிச் சூட்டுச் சம்பவமொன்றில் ஒருவர் உயிரிழந்தார்” என்றும் எழுதலாம். “கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார்” என்றும் எழுதலாம். “பொலிஸ் கோவிந்தனைச் சுட்டுக் கொன்றது” என்றும், “கோவிந்தன் உயிரை ஈந்தார்” என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் சுட்டவரும் இல்லை, செத்தவருக்குப் பெயரும் இல்லை. இரண்டாவதில் செத்தவருக்குப் பெயர் வந்தது, சுட்டவர் இன்னும் மறைவில். மூன்றாவதில் இருவரும் வெளிச்சத்தில். நான்காவதில் சுட்டவர் மறுபடி காணாமல் போய்விட்டார், ஆனால் இப்போது மறைத்தது பயம் இல்லை, பெருமிதம்: கோவிந்தன் ஈகியாகிவிட்டதால் கொலையாளி தேவைப்படவில்லை. செயப்பாட்டுவினை என்றாலே எழுதியவர் ஒளிக்கிறார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மைதான். யாரை ஒளிக்கிறார், எதற்காக என்று தொடர்ந்து கேட்க வேண்டும்.

பெயரிடல் பற்றித் தனியாக ஒரு பக்கமே ஒதுக்குங்கள். கட்டுரையில் மக்களைக் குறிக்கும் எல்லாச் சொற்களையும் வரும் வரிசையிலேயே எழுதுங்கள். ‘கூலி’ என்பது காலனிய ஆவணச் சொல். ‘இந்தியத் தமிழர்’ என்பது 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து தனி வகையாக வந்த நிர்வாகச் சொல். ‘தோட்டத் தொழிலாளர்’ என்றால் தொழில் மட்டும். தோட்டத்தில் பிறந்து ஹட்டனில் கடை வைத்திருப்பவரும், பதுளையில் ஆசிரியராக இருப்பவரும் இதற்குள் வரமாட்டார்கள். ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்பது வேரைச் சொல்கிறது. ‘மலையகத் தமிழர்’ என்பது இருக்கும் மண்ணைச் சொல்கிறது. ‘தோட்டக்காட்டான்’ என்பது வசை. அதை மேற்கோளுக்குள் வைத்தாரா, தன் குரலிலேயே எழுதினாரா என்பதுதான் கேள்வி. இந்தச் சொற்களில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது வேறு வேலை. இங்கே பார்க்க வேண்டியது, கட்டுரை எந்த இடத்தில் ஒன்றை விட்டு மற்றதற்குத் தாவுகிறது என்பது. சட்டம் பற்றிய பந்தியில் ‘இந்திய வம்சாவளி’, தேர்தல் பற்றிய பந்தியில் ‘மலையகத் தமிழர்’, மண்சரிவு பற்றிய பந்தியில் ‘தொழிலாளர்’ என்று தாவினால், எழுதியவர் அந்தந்த இடத்துச் சத்தத்தை எதிரொலிக்கிறார் என்று கொள்ளலாம்.

இடப்பெயரும் இப்படித்தான். ‘லயம்’ என்று எழுதினால் உள்ளே இருந்தவர் குரல். ‘லயன் அறை’ என்றால் பார்த்தவர் குரல். ‘வரிசைக் குடியிருப்பு’ என்றால் அறிக்கை. பிள்ளைக்காம்பரா என்று எழுதுபவரும் ‘சிறுவர் பராமரிப்பு நிலையம்’ என்று எழுதுபவரும் ஒரே கட்டடத்தைத்தான் சொல்கிறார்கள், நிற்கும் தூரம் வேறு.

இதற்கு மிகக் கனமான எடுத்துக்காட்டு 1964இல் இருக்கிறது. குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழரைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, 1,50,000 பேர் பிறகு பார்ப்பதற்கு. அந்த மிச்சத்தை 1974இல் இரு நாடுகளும் தலா 75,000 ஆகச் சரிபாதி பிரித்துக்கொண்டன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போனவர்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ பிறந்து, இந்தியாவை ஒருநாளும் பார்த்திராத ஒருவருக்கு ‘தாயகம்’ என்பதும் ‘திரும்பினார்’ என்பதும் இரண்டு சொல்லில் இரண்டு முடிவுகளைத் திணிக்கின்றன. ‘நாடு கடத்தப்பட்டோர்’ என்று எழுதுபவர் அந்த இரண்டையும் மறுக்கிறார். ‘இந்தியா போனவர்கள்’ என்று எழுதுபவர் லயத்துப் பேச்சைக் கேட்டு எழுதுகிறார். ஆனால் இங்கேயும் சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அரசு ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதத்தான் வேண்டும். எழுதியவர் தன் சொந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்குப் போகிறார் என்று பாருங்கள்.

இனி உணர்ச்சிக்கு வருவோம். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழி, சொல்பவர்மீது நம்பிக்கை, நியாயம், உணர்ச்சி, பாடநூல்களில் இருக்கிறது. வாதத்தைப் பிரித்துப் பார்க்க அது போதும். எந்த உணர்ச்சி என்று நுணுக்கமாகச் சொல்ல, நம் கையில் அதைவிடக் கூர்மையான கருவி உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணமும் தருகிறது. செய்யுளுக்குச் சொன்னதுதான். ஆனாலும் பத்திரிகைக் கட்டுரைக்கு வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது.

அழுகைக்கு நான்கு காரணம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியவராதல். இழவு என்பது உயிரையோ பொருளையோ இழத்தல். அசைவு என்பது முன்பு இருந்த நிலை கெட்டு வருந்துதல். இப்போது “சோகம்” என்று ஒரே சொல்லில் எழுதிய விடையை எடுத்து இந்த நான்கில் எது என்று கேளுங்கள். மலையகத்தைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை வறுமையிலேயே நிற்கின்றன. மண்சரிவு வந்தால் இழவுக்குப் போகின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது வர வேண்டியது இளிவும் அசைவும். 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அம்மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையும் வாக்கும் போயின. முன்னிருந்த நிலையிலிருந்து விழுவது அசைவு. அந்த ஏழு பேரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், நேராக “நாடற்றவர்களாக வாடினர்” என்று தொடங்கும் கட்டுரையில் விழுந்தது தெரியாது, கிடப்பது மட்டும் தெரியும். வாசகருக்கு இரக்கம் வரும், அநியாயம் நடந்தது என்ற உணர்வு வராது. உணர்ச்சி எங்கே தவறுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் இப்படி ஒரு தகவல் விடுபட்ட இடத்தில்தான்.

வெகுளிக்கான நான்கில் ‘குடிகோள்’ என்று ஒன்று: குடிக்குக் கேடு சூழ்தல். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் மூடப்பட்டன. “இயற்கையின் கோரத் தாண்டவம் உயிர்களைக் காவு கொண்டது” என்று எழுதினால் அங்கே செய்தவர் இயற்கை. இயற்கைமேல் யாரும் வழக்குப் போட முடியாது. எனவே அழுகை, இழவு, அதோடு முடிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்ற ஒரு வாக்கியத்தை அதே பந்தியில் சேர்த்தால், ஒரு உரிச்சொல்லும் மாறாமலே அழுகை வெகுளியாகிறது. ஆண்டுக் கணக்குதான் அந்த வேலையைச் செய்கிறது. உணர்ச்சியை ஆராயும்போது எண்களைத் தாண்டிப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். எச்சரிக்கை எந்தப் பந்தியில் வருகிறது என்றும் பாருங்கள். இரண்டாம் பந்தியில் வந்தால் கட்டுரை முழுவதும் சினத்தில் ஓடும். கடைசிப் பந்தியில், நிவாரணப் பட்டியலுக்குப் பிறகு வந்தால், எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அதை முன்னே வைக்கத் துணியவில்லை அல்லது விரும்பவில்லை.

மனப்பாங்கைச் சொல்லும் சொற்களிலும் பஞ்சம் வேண்டாம். ஆதங்கம் என்பது வேண்டியவர்மீது உள்ள குறை. அதில் உரிமை இருக்கிறது. அங்கலாய்ப்பு என்பது வழி காணாமல் புலம்புவது. ஆற்றாமை என்பது தாங்க முடியாத நிலை. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். பரிவு பக்கத்தில் உட்காரும். கரிசனத்தில் அக்கறையோடு ஏதாவது செய்யும் எண்ணமும் உண்டு. தொழிற்சங்கத் தலைமையைப் பற்றி உள்ளிருந்து எழுதப்படும் பத்திகளில் பெரும்பாலும் இருப்பது ஆதங்கம். அதைப் பிள்ளைகள் ‘வெறுப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். வெறுப்பவர் “இப்படியாவது செய்திருக்கலாமே” என்று எழுதமாட்டார். அந்த ‘ஆவது’வும் கடைசி ‘ஏ’யும் உறவு இன்னும் அறவில்லை என்று சொல்கின்றன.

ஒரு பந்தியை முழுவதுமாகப் பிரித்துப் பார்ப்போம். இது பயிற்சிக்காகவே எழுதியது.

“விடிய ஐந்து மணிக்கு லயத்து வாசலில் அடுப்பு எரிகிறது. ஆறரைக்குப் பெரட்டு. கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் இந்த அப்பாவி மக்களின் கண்ணீர் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். 17 என்றால் அரைப் பேர். இம்மக்கள் எத்தனை காலம்தான் பொறுப்பார்களோ?”

ஆறு வாக்கியம். பெரட்டு என்பது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் கூட்டம், பேர் என்பது ஒரு நாள் வேலைக் கணக்கு. நெஞ்சு எங்கே அசைந்தது? பெரும்பாலானவர்கள் மூன்றாவதில் புள்ளி வைப்பார்கள், ஏனென்றால் ‘அப்பாவி’யும் ‘கண்ணீர்’உம் அங்கே இருக்கின்றன. இன்னொரு முறை மெதுவாக வாசித்தால் புள்ளி நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் விழும். ஒரு கிலோவுக்காக அரை நாள் போகிறது. அங்கே உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ‘பேர்’ என்ற தோட்டத்துச் சொல்லும் இரண்டு இலக்கமும் மட்டும். முழுப் பேருக்கான கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதால், நல்ல கட்டுரை எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சினத்துக்குக் கால் இல்லை. இதையும் ஆய்வில் எழுதுங்கள்.

மூன்றாவது வாக்கியம் அழுகை, காரணம் இளிவு. ஆனால் “எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை” என்று எழுதியவர் தன் கண்ணுக்கு மட்டும் தெரிவதாகச் சொல்லிக்கொள்கிறார். ஆறாவது வாக்கியத்தில் ‘இம்மக்கள்’ தூரத்தைக் காட்டுகிறது. ‘-ஓ’ ஐயமும் எச்சரிக்கையும் கலந்தது. எனவே தொனி நிதானத்தில் தொடங்கி, இரக்கத்துக்கு ஏறி, மறுபடி நிதானமாகி, அங்கலாய்ப்பில் முடிகிறது. மூன்றையும் ஆறையும் விரலால் மறைத்துவிட்டு மீதி நான்கை வாசியுங்கள். உணர்ச்சி குறைந்ததா கூடியதா? கூடியது. எந்தக் கட்டுரைக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம்: உணர்ச்சிச் சொற்களை மறைத்த பிறகும் நெஞ்சு அசைந்தால் அங்கே பொருள் இருக்கிறது. அசையாவிட்டால் எழுதியவர் வாசகரின் பழக்கத்தை நம்பி எழுதியிருக்கிறார்.

தொனி திரும்பும் இடங்களை வேகமாகக் கண்டுபிடிக்க ‘ஆனால்’, ‘எனினும்’, ‘இருந்தபோதிலும்’ என்பவற்றை வட்டமிடுங்கள். ‘-உம்’ சேர்ந்த எச்சங்களையும் விடாதீர்கள். 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்த நாட்களில் “200 ஆண்டுகள் ஆகியும்” என்று தொடங்கிய வாக்கியங்கள் நிறைய வந்தன. அந்த ‘உம்’ முறையீடு. “200 ஆண்டுகளாக” என்றால் நிலைத்து நின்றதன் பெருமிதம். ஒரு எழுத்தில் இரண்டு கட்டுரை.

விடை எழுதும்போது ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று பங்கு இருக்க வேண்டும்: எந்தச் சொல் அல்லது விகுதி, அது காட்டும் மனப்பாங்கு, அது யார்மீது. “ஆசிரியர் சோகமாக எழுதியுள்ளார்” என்பதற்கு மதிப்பெண் இல்லை. “ஐந்தாம் வாக்கியத்தின் ‘17 என்றால் அரைப் பேர்’ என்ற ஒப்பீடு, நிறுவை முறைமீது வாசகருக்குச் சினமூட்டுகிறது, ஆனால் ஆறாம் வாக்கியத்தின் ‘இம்மக்கள்’ அந்தச் சினத்திலிருந்து எழுதியவரைத் தள்ளி நிறுத்துகிறது” என்பது விடை. ஒரு கட்டுரைக்கு இப்படி நான்கு போதும். பத்து எழுதினால் பாதி ஒன்றையே திரும்பச் சொல்லும்.

காலனிய கால ஆவணங்கள், துரைமார் எழுதிய குறிப்புகள் போன்றவற்றைத் தமிழில் படிக்கும்போது மட்டும் ஒரு படி கூடுதல். அங்கே இரண்டு மனப்பாங்குகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. மூலத்தில் ‘கூலி’ என்றிருந்ததை மொழிபெயர்த்தவர் ‘தொழிலாளி’ என்று மாற்றியிருக்கலாம். ‘வந்தான்’ என்பதா ‘வந்தார்’ என்பதா என்பது முழுக்க அவர் முடிவு, ஏனென்றால் ஆங்கில வினையில் அது இல்லை. மூலப் பிரதி கிடைத்தால் அந்தச் சொற்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் துரையின் தொனி என்று எழுத வேண்டாம். மொழிபெயர்ப்பில் தெரியும் தொனி என்று எழுதி, அதற்குச் சான்றாக விகுதியை எடுக்காமல் எண்களையும், எதை முதலில் சொல்கிறார் என்ற வரிசையையும், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் எடுங்கள்.